முதல் வண்டிக்கு முன் எதை ஏற்றுவது?

படாளத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையில் சென்னைப் பக்கம் போனால் பரனூர் சுங்கச்சாவடி, திண்டிவனம் பக்கம் போனால் ஆத்தூர். இரண்டிலும் தடுப்புக் கட்டை ஏறுமுன் ஒரு கேள்விக்குப் பதில் வந்தாக வேண்டும்: இந்த ஃபாஸ்டேக் செல்லுமா?

அந்தப் பதிலை எங்கே வைப்பது என்பதில் நம் நாட்டில் இரண்டு முறைகள் உண்டு. பழைய ஐசிடி 2.4 முறையில் டேக்குகளின் நிலையைச் சாவடி அவ்வப்போது இறக்கிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஐசிடி 2.5-இல் அந்த நொடியின் நிலையே கிடைக்கும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் எல்லாம் 2.5-க்கு வந்துவிட்டதாகவும், சில மாநிலச் சாலைகளில் 2.4 நீடிப்பதாகவும் 2025 பிப்ரவரியில் நெடுஞ்சாலை ஆணையம் விளக்கம் தந்தது. அந்த விளக்கத்துக்குக் காரணம், ஃபாஸ்டேக் பரிவர்த்தனைகளை நடத்தும் என்பிசிஐயின் சுற்றறிக்கை ஒன்று. டேக் படிக்கப்படுவதற்கு 60 நிமிடத்துக்கு மேலாகவே முடங்கியிருந்து, படித்த பின் 10 நிமிடம் வரையும் அப்படியே இருந்தால் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும் என்றது அது. வங்கிகளுக்கிடையே வரும் தகராறைத் தீர்க்கப் போட்ட விதிதான். ஆனாலும் ஒரு தகவல் எவ்வளவு பழையதாக இருக்கலாம் என்பதை நிமிடக் கணக்கில் எழுதிவைத்ததற்காக, மென்பொருளில் கேச் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும் என்பேன்.

அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகும்போதே கேச்சை நிரப்புவது பற்றி நாம் பேசும்போதெல்லாம் பேச்சு வேகத்திலேயே நின்றுவிடுகிறது. இந்த மதிப்பு பழசானால் யார் பாதிக்கப்படுவார் என்பதை முதலில் கேளுங்கள். வண்டி வகைப் பட்டியலைத் தயங்காமல் ஏற்றலாம். இப்போதுதான் ரீசார்ஜ் செய்த ஓட்டுநரின் டேக் நிலையை ஏற்றிவிட்டு மறக்கக் கூடாது. கட்டணம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பரனூரில் ஏப்ரல் 1 நள்ளிரவில் அது மாறுவது வழக்கம். மார்ச் 31 மாலை ஸ்டார்ட் ஆன சர்வர் அன்றைய கட்டணத்தை மட்டும் எடுத்துவைத்திருந்தால், நள்ளிரவுக்குப் பிறகும் பழைய தொகையையே பிடிக்கும். அமலுக்கு வரும் தேதியோடு, அடுத்த கட்டணத்தையும் சேர்த்து ஏற்றுங்கள்.

ஸ்பிரிங் பயன்படுத்துவோர் அடிக்கடி விழும் குழி ஒன்று. கேச்சபிள் குறியிட்ட மெத்தடை அதே கிளாஸின் போஸ்ட்கன்ஸ்ட்ரக்டில் அழைக்கிறார்கள். அந்த அழைப்பு பிராக்ஸி வழியாகப் போவதில்லை. குவெரி ஓடும், லாகில் வரும், கேச் மட்டும் காலியாகவே இருக்கும். அப்ளிகேஷன்ரன்னரில், தனி பீனிலிருந்து அழைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஸ்பிரிங் பூட் 2.3 முதல், ரன்னர்கள் முடிந்த பிறகே அப்ளிகேஷன் தன்னை ‘ரெடி’ என்று அறிவிக்கிறது. லோட் பேலன்சர் அந்த ரெடினஸைப் பார்க்கிறதா என்று சரிபாருங்கள். பார்க்காவிட்டால் பாதி நிரம்பிய கேச்சின் மீதே டிராஃபிக் வந்து விழும்.

இன்னொன்று, ஏற்றிக்கொண்டிருக்கும்போதே டேட்டாபேஸ் மாறிவிடுவது. பழைய வரிசையை ஏற்கெனவே படித்துவிட்ட லோடர், அப்டேட் அழித்த சாவியில் அதையே திரும்ப எழுதிவிடும். 2013-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் தங்கள் மெம்கேச் அமைப்பு பற்றி வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு எளிய தடுப்பைச் சொல்கிறது: காலி கிளஸ்டரை நிரப்பும்போது, அழிக்கப்பட்ட சாவியில் 2 நொடிக்குப் புதிதாக எதையும் சேர்க்க விடுவதில்லை. நம் சிறிய அமைப்புகளுக்கு வெர்ஷன் எண்ணை ஒப்பிட்டு எழுதுவதே போதும்.

ஏற்றுவதே தோற்றுப்போனால்? கட்டண அட்டவணை வராத சர்வர் ஸ்டார்ட் ஆகவே கூடாது. மற்றவை வராவிட்டால் ஸ்டார்ட் ஆகட்டும். கேட்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பட்டியல் எந்த வகை என்பதை டெவலப்பர் தனியாகத் தீர்மானிக்காமல், கவுன்டரில் உட்கார்ந்து மக்களுக்குப் பதில் சொல்பவரிடமும் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.