அபராதம் அரசுக்கு, இழப்பு நமக்கு!

தோழனே! நெய்க்காரப்பட்டிக் கடைவீதியில் வீட்டுக்கு வாங்கிய வெல்லம் எடை குறைந்தால் என்ன செய்வாய்? தட்டிக் கேட்பாய், கடைக்காரர் மசியாவிடில் திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்தின் படியேறி இழப்பீடு கோருவாய்.

அதே கடைவீதியில் நின்று, கைப்பேசிச் செயலி ஒன்றுக்கு உன் பெயரையும் முகவரியையும் வங்கிக் கணக்கையும் ஒப்படைக்கிறாயே, அவை களவு போனால்?

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். உவகை கொண்டோம். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதமாம்! கேட்கவே இனிக்கிறது. அப்பணம் எங்கே செல்லும்? இந்தியத் தொகுப்பு நிதிக்கு! பறிகொடுத்தவனுக்கு அதில் பைசாவும் இல்லை.

நிறுவனத்தின் கவனக்குறைவால் இழப்புற்றோர் ஈடுகேட்க, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஏ என்றொரு பிரிவு உண்டு. அதனையும் நீக்கிட இப்புதுச் சட்டமே வழிசெய்துவிட்டது. உரிமையியல் நீதிமன்றம் இல்லையா என்பர் சிலர். தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் எல்லைக்குட்பட்டவற்றில் அக்கதவும் அடைபட்டது. வீண்புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம்; அதை மட்டும் எழுத மறந்தாரில்லை!

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதனைப் பேசு. இழப்பீட்டு உரிமை வேண்டுமெனத் தீர்மானம் எழுதுகையில் பிரிவின் எண்ணைக் குறிப்பிடத் தவறாதே: 43-ஏ.