வாங்குமுன் வினவுவோம்!

"ஆழம் அறியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. அது ஆற்றுக்கும் கிணற்றுக்கும் மட்டுமன்று, ஆசைப்பட்டு வாங்கும் ஓர் உயிருக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் கண்ணீரோடு அறிந்தோம்.

நாங்கள் உடன்பிறந்தோர் மூவர். பஞ்சுப் பொதி போன்ற பெர்சியன் பூனைக்குட்டி ஒன்றின் படத்தைக் கண்ட நாள் முதல், அப்படியொன்று வேண்டும் என்று அப்பாவை நச்சரித்தோம். அரையாண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றதற்குப் பரிசாக அவரும் இசைந்தார். வெளியூர்ப் பேருந்து நிலையம் ஒன்றில், துளையிட்ட அட்டைப் பெட்டியில் குட்டியைக் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு போனார் விற்றவர். தாய்ப் பூனை எங்கே, வயது எத்தனை வாரம், தடுப்பூசி போட்டாயிற்றா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளையா, சாம்பலா என்று மட்டுமே கேட்டிருந்தோம்!

நான்காம் நாள் குட்டிக்கு வாந்தியும் பேதியும் கண்டன. தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொல்லும் பான்லுகோபீனியா என்னும் வைரஸ் நோய் இது என்றார் கால்நடை மருத்துவர். ஆறாம் நாள் காலையில் அது எங்கள் மடியிலேயே உயிர்விட்டது. விற்றவரைத் திட்டித் தீர்த்தோம். "கேட்காமல் வாங்கியது யார்?" என்றார் அம்மா. நாங்கள் தலைகுனிந்தோம்.

அதன் பின்னரே இவ்வினத்தைப் பற்றிப் படித்தோம். நீண்ட முடியுள்ள பூனைகளை 1620-ஆம் ஆண்டு வாக்கில் பாரசீகத்தின் கொராசானிலிருந்து இத்தாலிக்குக் கொண்டுசென்றவர் பியத்ரோ டெல்லா வாலே என்னும் பயணி என்பர். 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் பெரிய பூனைக் கண்காட்சி நடந்தது. பரிசுக்காகப் பூனை வளர்ப்பது பின்னர் பெருகிற்று. தட்டை முகமே அழகு எனக் கருதி, தலைமுறை தலைமுறையாக மூக்கைக் குட்டையாக்கி வளர்த்தனர். அதனால் மூச்சுத் திணறலும், ஓயாது கண்ணீர் வழிதலும் அப்பூனைகளுக்கு வந்து சேர்ந்தன. நாம் அழகு என்பது அவற்றுக்கு நோயன்றோ?

சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றும் பரம்பரை நோயும் இவ்வினத்தில் மிகுதி. தாய் தந்தையருள் ஒன்றுக்கு இருந்தாலே, ஒவ்வொரு குட்டிக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2004-இல் கண்டறியப்பட்டது. எளிய சோதனையிலேயே அதை அறிந்துகொள்ளலாம்.

குளிரில் நடுங்கியதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தந்தான் பேகன். நாமோ, கழற்ற முடியாத கம்பளியைப் போர்த்திய உயிரைச் செஞ்சிக்குக் கொண்டுவருகிறோம்! சித்திரை வெயிலில் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் காய்ந்தால், இரவிலும் அனல் தணியாது என்பது நமக்குத் தெரியாததா? அதற்குக் குளிர்ந்த தரையும், காற்றோட்டமும், எந்நேரமும் தண்ணீரும் வேண்டும். நாள்தோறும் சீப்பால் வாரிவிட வேண்டும். விட்டால் முடி சடையாகித் தோலை இழுத்துப் புண்ணாக்கும். பூனைகள் பதினைந்து ஆண்டு வாழக்கூடும். இன்று ஆசைப்படும் நாம் கல்லூரிக்குப் போனபின் வாரிவிடுபவர் யார்?

ஆகவே வாங்க விரும்புவோர் குட்டி பிறந்த வீட்டுக்கே சென்று தாயைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வாரமேனும் தாயோடு வளர்ந்த குட்டியா, தடுப்பூசிச் சீட்டு உண்டா, பெற்றோருக்குச் சிறுநீரகச் சோதனை ஆயிற்றா என்று கேட்க வேண்டும். மிகத் தட்டையான முகத்தைத் தவிர்த்தல் நன்று. கடையில் வாங்கினால், 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி அக்கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றதா என்றும் பார்க்க வேண்டும். தாயைக் காட்ட மறுப்பவரிடம், குட்டி எவ்வளவு அழகாயினும் வாங்கலாகாது. இரக்கப்பட்டு வாங்கினாலும், அத்தாயை மீண்டும் மீண்டும் ஈனவைக்க நாமே பணம் கொடுத்தவர்களாவோம்.

"மனிதருக்கே சோறில்லாதபோது பூனைக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்கலாம். வாங்கியே தீரவேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. முடியாதெனில் வாங்காதிருப்போம். வாங்கிவிட்டாலோ, அதன் உயிருக்கு நாமே பொறுப்பு. அக்டோபர் 4-ஆம் நாள் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் திருவிழாவில், விலங்குகளையும் சகோதரராகக் கருதிய அவரைப் போற்றுகிறோம். சகோதரரை நிறம் பார்த்து மட்டும் தேர்ந்தெடுப்பார் உண்டோ?

குட்டிக்காக வாங்கிய சீப்பு இன்றும் எங்கள் அலமாரியில் கிடக்கிறது. இப்போது எங்கள் கொல்லைப்புறத்துக்கு வரும் நாட்டுப்பூனைக்குச் சோறு வைக்கிறோம், தடுப்பூசியும் போட்டுவிட்டோம். குட்டை முடியுள்ள அதற்குச் சீப்பே தேவையில்லை.

தோழியரே, எந்த உயிரையும் வீட்டுக்கு அழைக்குமுன் முதலில் விற்பவரை வினவுவோம். அதைவிட முக்கியமாக, நம்மையே வினவுவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி