ஆயத்த உடைகளில் அளவுக் குழப்பம்

மகளிர்க்கான ஆயத்த உடைகளை வாங்கச் செல்வோர் அடையும் ஒரு சங்கடத்தைக் குறித்து நம் அங்கத்தினர்களோடு மனம் விட்டுப் பேச விரும்புகிறோம். இது கடைத்தெருச் சங்கதி, நெசவாளருக்கும் பருத்தி பயிரிடுவோருக்கும் இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். நம் தறியில் இறங்கிய துணியை நாமே தைத்து விற்கத் தொடங்கிய நாள் முதல் இது நம் வீட்டு விவகாரமாகிவிட்டது.

சென்ற தீபாவளிக்குப் பின் நமது விற்பனை நிலையத்துக்குத் திரும்பி வந்த உடைகளை மேஜைமீது பரப்பி, அளவு நாடாவைப் பிடித்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்தோம். 'எம்' என்னும் ஒரே எழுத்தைத் தாங்கிய இரண்டு குர்தாக்களுக்கிடையே மார்புச் சுற்றில் ஒன்றரை அங்குலம் வித்தியாசம் இருந்தது. ஒன்று நம் தையல் பிரிவில் தைத்தது. மற்றது வெளியே கூலிக்குக் கொடுத்துத் தைத்து வாங்கியது. நெசவிலோ சாயத்திலோ குறை கூறி ஒருவரும் திருப்பவில்லை. "போட்டால் சேரவில்லை" என்பதே எல்லோரும் சொன்ன காரணம். இவ்வாறு திரும்பும் உடை மடிப்புக் கலைந்து, பின்னர் தள்ளுபடியில் போகிறது. அந்தத் தள்ளுபடி யாருடைய பங்கு ஈவிலிருந்து கழிகிறது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

குழப்பத்தின் வேர் எங்கே இருக்கிறது? ஆண்களின் கால்சட்டை இடுப்பளவின் பேராலேயே விற்கப்படுகிறது. பெண்களின் குர்தாவுக்கோ எஸ், எம், எல் என்று எழுத்துக்களைச் சூட்டிவிட்டார்கள். எழுத்தை எந்த நாடாவால் அளப்பது? சில தயாரிப்பாளர்கள் எழுத்தோடு 38, 40 என்று எண்ணையும் போடுகிறார்கள். அந்த எண்ணும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஒருவர் 38 என்றால் அணிபவரின் உடலளவு என்று கொண்டு, தளர்வுக்காக இரண்டு மூன்று அங்குலம் கூட்டித் தைக்கிறார். வேறொருவர் 38 என்றால் தைத்து முடித்த உடையின் சுற்றளவு என்று கொள்கிறார். பின்னவரின் உடையை 38 அங்குல மார்புடைய பெண்மணி எப்படியோ அணிந்துவிட்டாலும், கையை உயர்த்திக் கொடியில் துணி உலர்த்த முடியாது. பின்னலாடையாயின் இழுத்த இழுப்புக்கு வரும். நம் கைத்தறித் துணி அவ்வாறு இசைந்து கொடுக்காது.

இதற்கு மேல் நாமே செய்துகொள்ளும் ஒரு தவறும் உண்டு. பருத்தித் துணி முதல் சலவையில் கஞ்சி நீங்கிச் சுருங்கும் என்பதை அறியாத நெசவாளர் இல்லை. அறிந்திருந்தும், அவசரத்தில் நனைக்காத துணியை வெட்டிவிடுகிறோம். நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினால் 40 அங்குலச் சுற்று 38 ஆகிவிடுகிறது. கடையில் பொருந்திய உடை ஒரே சலவையில் அடுத்த சிறிய அளவாக மாறுகிறது. வாங்கியவர் சீட்டைப் பொய் என்று சொன்னால் நாம் கோபிக்க நியாயமில்லை.

எல்லோருக்கும் பொதுவான அளவுப் பட்டியல் ஒன்றைச் சர்க்கார் வகுத்துவிட்டால் தீர்ந்தது என்று கூறுவோர் உண்டு. அமெரிக்காவில் அதைச் செய்து பார்த்தார்கள். 1939, 1940ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு விவசாய இலாகா ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் 59 இடங்களில் அளந்து பதிவு செய்தது. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. இந்த ஆராய்ச்சியின் அடிப்படையில் 1958இல் ஓர் அளவுத் திட்டம் வெளியாயிற்று. அதன்படி 8ஆம் எண் உடை 31 அங்குல மார்புடையவருக்கு உரியது. வாங்குவோர் தாம் மெலிந்திருப்பதாக எண்ணி மகிழட்டும் என்று, பெரிய உடைக்குச் சிறிய எண்ணைப் பொறிக்கும் முகஸ்துதி வியாபாரம் பிற்பாடு அங்கே வளர்ந்தது. 1983இல் அந்தத் திட்டமே வாபஸ் பெறப்பட்டது. நம் நாட்டிலும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் 6 நகரங்களில் 25,000 பேரை அளக்கும் திட்டத்தை மேற்கொண்டது. அந்த ஆறில் சென்னை இல்லை. அம்முயற்சியை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் நூறு பெண்களை நிறுத்தினால் தோள் ஒருவிதம், இடுப்பு ஒருவிதம் என்றுதான் இருக்கும். எந்தப் பட்டியலும் அத்தனை பேரையும் நான்கு எழுத்துக்களில் அடக்கிவிடாது.

நாம் கேட்பது வேறு. பழைய நாளில் ஊருக்கொரு மரக்கால், கடைக்கொரு படி என்று இருந்தபோது நெல் அளந்து போட்ட குடியானவர் பட்ட பாட்டைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டரும் கிலோகிராமும் வந்தன. அச்சட்டம் எல்லா மூட்டைகளையும் ஒரே எடையாக்கவில்லை. எந்த மூட்டையில் எத்தனை கிலோ என்று வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரே மாதிரி தெரியும்படி செய்தது, அவ்வளவே. உடைக்கும் அதுவே போதும். 'எம்' என்பது ஒரு மூலையில் கிடக்கட்டும். அதன் கீழே தைத்த உடையின் மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, தோள், நீளம் ஆகிய நான்கையும் சென்டிமீட்டரில் அச்சிடுவோம். எந்த உடலளவுக்கு உரியது என்பதைத் தனி வரியில் குறிப்போம். நனைத்து உலர்த்திய துணியா, அல்லவா என்பதையும் ஒளிக்காமல் சொல்வோம். ஐரோப்பிய நாடுகளின் அளவுத் தரத்தில் உடலளவைச் சென்டிமீட்டரில் படத்தோடு குறிக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது.

தம் இடுப்பளவை எண்ணாகப் பார்ப்பது பெண்களுக்குப் பிடிக்காது என்று நிர்வாகக் குழுவில் ஓர் அன்பர் ஆட்சேபித்தார். அவர் வீட்டிலேயே விசாரித்திருக்கலாம். தையற்காரரிடம் செல்லும் நம் பெண்கள் வெறுங்கையோடு செல்வதில்லை. சரியாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றை 'அளவு ரவிக்கை' என்று எடுத்துச் செல்கிறார்கள். பெட்டியின் அடியில் பல வருஷம் பத்திரமாக இருப்பது அது. உண்மையான அளவைக் கண்டு கூசுகிறவர்கள் அப்படிச் செய்வார்களா? நம் விற்பனை நிலையத்திலும் அந்த ரவிக்கையை விரித்து வைத்து, நம் சீட்டிலுள்ள எண்களோடு அவர்களே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மேஜையும் ஒரு நாடாவும் போட்டுவிடலாம்.

சீட்டுக்கும் நனைத்து உலர்த்தவும் செலவு உண்டு. துணி உலர இரண்டொரு நாள் கூடுதலாகும். மழைக்காலத்தில் இன்னும் தாமதிக்கும். வெட்டும் மேஜையில் துணியைப் பல அடுக்காக விரித்து ஒரே வீச்சில் வெட்டும்போது மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் அளவு பிசகுவதைத் தடுக்க அடுக்குகளைக் குறைக்கவும் நேரிடும். அதனால் தையல் பிரிவுச் சகோதரிகளின் நாள் கணக்கு குறையும். அவர்கள் கூலி உருப்படிக்கு இவ்வளவு என்றிருப்பதால், அந்தக் குறைவை அவர்கள் தலையில் கட்டாமல் சங்கமே ஏற்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். தள்ளுபடியில் இழப்பதை இதற்குச் செலவிட்டாலென்ன? அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பொங்கல் விற்பனைக்கான துணி இன்னும் வெட்டும் மேஜைக்குப் போகவில்லை.