பெட் ஸ்கேன் யாருக்கு, எப்போது? – எங்கள் நிலைப்பாடு

புற்றுநோயாளிகள், உடனிருந்து பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர், புற்றுநோய் மருத்துவர்கள், அணு மருத்துவ நிபுணர்கள் ஆகியோர் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. பெட்-சிடி ஸ்கேன் பற்றி எங்களிடம் இரண்டு கேள்விகள் ஓயாமல் வருகின்றன. "எனக்கு ஏன் எழுதித் தரவில்லை?" என்பது ஒன்று. "இப்போதுதானே எடுத்தோம், மறுபடியும் எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே அளவுகோலில் பதில் சொல்ல முடியும் என்று நம்புகிறோம்.

நிலைப்பாடு

1. ஸ்கேன் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறும் என்றால், பெட் ஸ்கேன் நோயாளியின் பணவசதியைப் பாராமல் கிடைக்க வேண்டும்.
2. முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால், அதை எழுதித் தரக் கூடாது.
3. பயாப்ஸி எடுக்க வழியிருக்கும்போது, பெட் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து "நோய் பரவிவிட்டது" என்று யாருக்கும் முடிவு சொல்லக் கூடாது.

ஸ்கேன் எதைப் பார்க்கிறது?

புற்றுச் செல்கள் சர்க்கரையை அளவுக்கு மீறி இழுக்கின்றன என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். பெட் ஸ்கேன் அந்தப் பசியைத்தான் படம் பிடிக்கிறது. குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளுடன் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்து ஊசியாகப் போடுகிறார்கள், எஃப்.டி.ஜி. என்பது அதன் பெயர். செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் சர்க்கரையைப் போல எரித்துத் தீர்க்க முடியாமல் அங்கேயே தேக்கி வைக்கும். தேங்கிய இடம் படத்தில் ஒளிரும். 1976இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எஃப்.டி.ஜி. முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. இந்தியாவில் 2002இல் மும்பையிலுள்ள கதிர்வீச்சு மருத்துவ மையத்தில், இத்தகைய கதிரியக்க அணுக்களைத் தயாரிக்கும் மருத்துவ சைக்ளோட்ரானும் பெட் ஸ்கேனும் செயல்படத் தொடங்கின.

சர்க்கரை தின்பது புற்று மட்டுமல்ல என்பதுதான் சிக்கல். மூளை தின்கிறது. காசநோய் பிடித்த நெறிக்கட்டி தின்கிறது. ஆறிக்கொண்டிருக்கும் அறுவைப் புண்ணும் தின்கிறது. இந்த ஸ்கேனின் பலம், பலவீனம் இரண்டுக்கும் வேர் இதுவே.

எங்கெல்லாம் வலியுறுத்துகிறோம்?

நுரையீரல் புற்றுக்கு அறுவை செய்வதற்கு முன். நெதர்லாந்தில் 188 நோயாளிகளிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், பெட் இல்லாமல் முடிவெடுத்த பிரிவில் 41 சதவீதத்தினருக்கு நடந்த மார்பு அறுவை பயனற்றுப் போனது. பெட் எடுத்த பிரிவில் அது 21 சதவீதம். ஐந்தில் ஒருவருக்கு வீணாக நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

தலை, கழுத்துப் புற்றில் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு. கழுத்து நெறிக்கட்டிகளை எல்லோருக்கும் அறுத்து எடுப்பது பழைய வழக்கம். பிரிட்டனில் 564 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 12 வாரம் கழித்து பெட்-சிடி எடுத்துத் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் அறுவை செய்தபோது 54 அறுவைகளே நடந்தன. மற்றப் பிரிவில் நடந்தவை 221. உயிர் பிழைத்தோர் விகிதத்தில் குறைவு ஏற்படவில்லை. வாய்ப்புற்று மலிந்த நம் நாட்டில் இந்தக் கணக்கின் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

ஹாட்ஜ்கின் லிம்போமாவில் இரண்டு சுற்றுக் கீமோவுக்குப் பின். அப்போது எடுக்கும் பெட் சுத்தமாக இருந்தால், நுரையீரலைக் கெடுக்கக்கூடிய பிளியோமைசின் மருந்தை மீதிச் சுற்றுகளில் நிறுத்திவிடலாம் என்று 2016இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வு காட்டியது. நோய் திரும்பாமல் மூன்றாண்டு கடந்தவர்கள் மருந்தைத் தொடர்ந்த பிரிவில் 85.7 சதவீதம், நிறுத்திய பிரிவில் 84.4 சதவீதம்.

தீவிரத் தன்மையுள்ள புரோஸ்டேட் புற்றில் பி.எஸ்.எம்.ஏ. பெட். சர்க்கரைக்குப் பதில் புரோஸ்டேட் செல்லின் மேல் ஒட்டும் மருந்து இதில் பயன்படுகிறது. 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் இதன் துல்லியம் 92 சதவீதம். வழக்கமான சிடி, எலும்பு ஸ்கேன் இரண்டும் சேர்ந்து 65 சதவீதம். புரோஸ்டேட் புற்றுக்கான லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கச் சிகிச்சை யாருக்குப் பலிக்கும் என்று தேர்ந்தெடுக்கவும் இந்தப் படமே வழிகாட்டி.

புற்றுக்கு வெளியேயும் இடமுண்டு. மாத்திரைக்கு அடங்காத வலிப்பில், எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டாதபோது, சர்க்கரையைக் குறைவாக எடுக்கும் மூளைப் பகுதியை பெட் சுட்டிக்காட்டி அறுவைக்கு உதவுகிறது.

எங்கெல்லாம் எதிர்க்கிறோம்?

நோயே இல்லாதவருக்கு, முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜின் பகுதியாக பெட் விற்பதை எதிர்க்கிறோம். ஆரம்ப நிலை மார்பகப் புற்றில் பரவல் தேட இதை வழக்கமாக எடுப்பதையும், குணமாகி எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு "சும்மா ஒருமுறை பார்த்துவிடலாம்" என்று எடுப்பதையும் ஏற்கவில்லை. அமெரிக்க கிளினிக்கல் ஆன்காலஜி சங்கமும் 2012, 2013ஆம் ஆண்டுகளில் இவ்விரண்டையும் தவிர்க்கச் சொன்னது.

செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். எஃப்.டி.ஜி. ஊசி மட்டுமே சுமார் 7 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைத் தருகிறது. கூடவே எடுக்கும் சிடியின் கதிர்வீச்சு அதோடு சேரும். இயற்கையிலிருந்து மனிதருக்கு ஓராண்டில் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4 தான். புற்றுக்குச் சிகிச்சை பெறுபவருக்கு இது ஏற்கத்தக்க விலை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்கான விலையாக அதை ஏற்க மாட்டோம்.

காசநோய் நாட்டில் பெட் ரிப்போர்ட்

காசநோய் நெறிக்கட்டியும் புற்று நெறிக்கட்டியும் படத்தில் ஒன்றுபோலவே ஒளிரும். ரிப்போர்ட்டில் ஒளிர்வின் அளவாக வரும் எஸ்.யூ.வி. எண்ணை வைத்து இது அது என்று பிரிக்க முடியாது. உடல் எடை, ரத்தச் சர்க்கரை, ஊசிக்கும் படத்துக்கும் இடையிலான நேரம், கருவி என எல்லாமே அந்த எண்ணை ஏற்றி இறக்கும். காசநோய்க் கட்டி "நான்காம் நிலை" என்று எழுதப்பட்டால், குணமாகக் கூடியவருக்கு வலிநிவாரணம் மட்டுமே மிஞ்சும். சிகிச்சைப் பாதையைத் திருப்பப்போகும் ஒளிர்வை ஊசி வைத்துத் திசு எடுத்து உறுதி செய்தே ஆக வேண்டும்.

ஒளிராததும் ஆறுதல் அல்ல. சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டி தப்பிவிடும். மோதிரச் செல் வகை இரைப்பைப் புற்று சர்க்கரையைக் குறைவாகவே எடுக்கும். மூளை முழுவதும் இயல்பாகவே ஒளிர்வதால், அங்கே பரவலைத் தேட எம்.ஆர்.ஐ. வேண்டும்.

கோரிக்கைகள்

மருத்துவர்களுக்கு: ஸ்கேன் சீட்டில் "புற்று – பெட்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கேள்விக்கு விடை வேண்டும், முன்பு என்ன சிகிச்சை, கடைசிக் கீமோவும் கதிர்வீச்சும் எந்தத் தேதியில், காசநோய் வந்ததுண்டா என்பதையும் எழுதுங்கள்.

ஸ்கேன் மையங்களுக்கு: எஃப்.டி.ஜி. 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரைகிறது. சைக்ளோட்ரானிலிருந்து வண்டி மூன்றே முக்கால் மணி நேரம் ஓடினால் கால் பங்குதான் மிஞ்சும். வெறும் வயிற்றில் வராதவரையும் சர்க்கரை 200க்கு மேல் ஏறியவரையும் கடைசி நேரத்தில் திருப்பி அனுப்பினால், மருந்தும் வீண், வெளியூரிலிருந்து வந்தவரின் கூலியும் வீண். முதல் நாளே போனில் கூப்பிட்டு, சர்க்கரை மாத்திரை, இன்சுலின், சாப்பாடு, கர்ப்பம், தாய்ப்பால் பற்றித் தமிழில் விளக்குங்கள். ரிப்போர்ட்டோடு படங்களையும் நோயாளியிடம் கொடுங்கள். நோயாளியை அனுப்பியவருக்குக் கமிஷன் தராதீர்கள்.

அரசுக்கு: மேலே வலியுறுத்திய தேவைகளுக்குக் காப்பீட்டில் தடையின்றி அனுமதி வேண்டும். கட்டணப் பலகை ஒவ்வொரு மையத்தின் வாசலிலும் தெரிய வேண்டும். பி.எஸ்.எம்.ஏ. பெட்டுக்கான கேலியம்-68ஐ சைக்ளோட்ரான் இல்லாமலே ஒரு சிறு ஜெனரேட்டரிலிருந்து கறந்து எடுக்கலாம். அதிலுள்ள ஜெர்மேனியம்-68 பாதியாகக் குறைய 271 நாள் ஆகும் என்பதால் ஒரு ஜெனரேட்டர் பல மாதம் உழைக்கும். பெருநகரங்களுக்கு அப்பாலுள்ள அரசு மருத்துவமனைகளுக்கு இதைக் கொண்டுசெல்லுங்கள்.

நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும்: சீட்டை வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "டாக்டர், ரிப்போர்ட் எப்படி வந்தாலும் இதே சிகிச்சைதானா?" "ஆமாம்" என்று பதில் வந்தால் ஸ்கேன் வேண்டியதில்லை. "இல்லை, மாறும்" என்று வந்தால் தள்ளிப்போடாதீர்கள். பணம் இல்லாததால் அது தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு, எங்களைப் போன்ற அமைப்புகளின் பொறுப்பும்கூட.