புழுவைக் கொன்றுவிட்டு எதைத் தேடுகிறோம்?

"பூச்செடி நிறைய வையுங்கள், பட்டாம்பூச்சி தானாக வரும்." மாடித்தோட்டக் குழுக்களில், பள்ளி விழாக்களில், நர்சரிகளில், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில் என்று எங்கே போனாலும் இதே வாசகம்தான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதை நம்பி இட்லிப்பூ, செம்பருத்தி, காகிதப்பூ என்று வாங்கி வரிசையாக வைக்கிறோம். அதே வாரத்தில் கறிவேப்பிலைக் கன்றில் நாலு இலை கடிபட்டிருந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி ஸ்பிரேயரில் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். பட்டாம்பூச்சி வரவில்லையே என்ற ஏக்கமும் புழு வந்துவிட்டதே என்ற எரிச்சலும் ஒரே வீட்டில், ஒரே ஆளிடம் இருக்கின்றன. இரண்டும் ஒரே உயிர் என்று சின்ன வகுப்பிலேயே படித்திருக்கிறோம். தோட்டத்துக்குள் கால் வைத்ததும் அந்தப் பாடம் நினைவில் நிற்பதில்லை.

நான் இந்த நம்பிக்கையை எதிர்க்கிறேன். அது முழுப் பொய் என்பதற்காக அல்ல. பாதி உண்மையாக இருந்துகொண்டு மீதிப் பாதியைக் கொல்ல வைக்கிறது என்பதற்காக.

பூ பட்டாம்பூச்சிக்கு என்ன தருகிறது? பறப்பதற்கான சர்க்கரையைத் தருகிறது. அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. சிறகு, கால், கண், வயிற்றிலுள்ள முட்டைக்கான சத்தில் பெரும்பகுதி எல்லாமே புழுவாக இருந்தபோது தின்ற இலையிலிருந்து வந்தவை. பூ மட்டும் உள்ள தோட்டம் வழிப்போக்கர் சாப்பிட்டுவிட்டுப் போகிற சத்திரம். அங்கே யாரும் பிறப்பதில்லை. பக்கத்தில் எங்கோ ஒரு காலிமனையில் களையும் புதரும் மிச்சமிருக்கிற வரை நம் இட்லிப்பூவுக்கு விருந்தாளிகள் வருவார்கள். அந்த மனையில் கட்டடம் எழும்பிவிட்டால் வரத்து நின்றுபோகும். நாம் செடியைக் குறை சொல்வோம், வெயிலைக் குறை சொல்வோம்.

பூவைத் தேடி எல்லாப் பட்டாம்பூச்சியும் வரும் என்பதும் சரியில்லை. பொழுது சாயும் நேரத்தில் சுவரோரச் சருகிலிருந்து எழுந்து தாழப் பறக்கிற பழுப்புப் பட்டாம்பூச்சியைப் பலர் பார்த்திருப்பார்கள். அதற்குப் பிடித்தது விழுந்து அழுகிய பழமும் மரத்தில் வடியும் சாறும்தான். அதன் புழு புல்லைத் தின்னும், நெற்பயிரையும் தின்னும். மா இலையைத் தின்று வளரும் ஒரு பட்டாம்பூச்சிக்கும் அழுகிய பழமே விருந்து. ஆண் பட்டாம்பூச்சிகள் ஈர மண்ணிலும் சாணத்திலும் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுவது உப்புக்காக. நீல வரியன் என்ற பட்டாம்பூச்சியின் ஆண்கள் வாடிக் காய்ந்த கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளை மொய்ப்பதும் தேனுக்காக அல்ல. அந்தச் செடிகளிலுள்ள ஒருவகை ஆல்கலாய்டைக் கொண்டுதான் பெண்ணைக் கவரும் வாசனையை அவை உண்டாக்கிக்கொள்கின்றன. நாமோ காய்ந்த செடியைப் பிடுங்கி, விழுந்த பழத்தைப் பொறுக்கி, ஈரத்தைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டு, ஒட்டுச்செடி ரோஜாவைக் காட்டி வா வா என்கிறோம்.

இனி இலைக்கு வருவோம். காலை பத்து மணி வெயிலில் கறிவேப்பிலைச் செடிப் பக்கம் நின்று பாருங்கள். கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று பூவே இல்லாத அந்தச் செடியைச் சுற்றிச்சுற்றிப் படபடக்கும். இலையில் ஒரு நொடி காலை ஊன்றித் தட்டும், பறக்கும், மறுபடி தட்டும். முன்னங்கால்களால் இலையை ருசி பார்க்கிறது. சரியான இலைதான் என்று தெரிந்ததும் வயிற்றை வளைத்து, இளந்தளிரில் கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் நிற உருண்டை முட்டை ஒன்றை வைத்துவிட்டு அடுத்த தளிருக்குப் போகிறது. கறிவேப்பிலை அழகி என்று ஆர்வலர்கள் அழைக்கும் பட்டாம்பூச்சி இது.

சில நாளில் வெளிவரும் புழுவைப் பார்த்தால் பறவை எச்சம் என்றே நினைப்போம். பழுப்பும் வெள்ளையுமாக, ஈரம் மின்ன, இலையின் மேலேயே அசையாமல் கிடக்கும். அந்த வேடம்தான் அதற்குக் காவல். நான்கு முறை தோலுரித்தபின் பச்சைப் பசேலென்று மாறிவிடுகிறது. தலைக்குப் பின்னால் புடைத்த பகுதியில் கண் போன்ற புள்ளிகள். விரலால் லேசாகத் தொட்டால் கழுத்திலிருந்து சிவப்பாக, இரண்டாகப் பிளந்த கொம்பு ஒன்று வெளியே நீளும். புளித்து நாறும் வாடை அடிக்கும். எறும்பையும் சிலந்தியையும் விரட்டுவதற்கான ஏற்பாடு அது. நம் கைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள் புழு காணாமல் போயிருக்கும். ஒரு குச்சியில், இடுப்பைச் சுற்றி ஒற்றைப் பட்டு நூல் கட்டிக்கொண்டு, காய்ந்த இலையா பச்சை இலையா என்று சொல்ல முடியாத கூட்டுப்புழுவாகத் தொங்கும். இவ்வளவும் நடப்பது இரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்கிற அதே செடியில்.

இன்ன புழுவுக்கு இன்ன இலை என்ற கணக்கு புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் 1699இல் தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறிப் போய், புழுவையும் கூட்டுப்புழுவையும் பட்டாம்பூச்சியையும் செடியோடு சேர்த்தே ஒரே படத்தில் தீட்டி, 1705இல் நூலாக வெளியிட்டார். 1964இல் பால் எர்லிக், பீட்டர் ரேவன் என்ற இரண்டு அறிவியலாளர்கள், செடிகள் இலையில் நஞ்சேற்றித் தம்மைக் காத்துக்கொள்வதும், அந்த நஞ்சைத் தாங்கப் பழகிய புழுக்கள் அந்தச் செடிக் குடும்பத்தையே பிடித்துக்கொள்வதுமாக இரண்டும் ஒன்றையொன்று மாற்றி வளர்ந்த கதையை விளக்கினார்கள். ஆகவே புழுவுக்கு ஊட்ட ஏதோ ஒரு பச்சை இலை போதாது. எருக்கு இல்லாத இடத்தில் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியைப் பெருக்குவது கடினம். கறுப்பும் பொன்னுமாகப் பறக்கிற பொன்னழகிக்கு ஈசுவரமூலிக் குடும்பத்துக் கொடிதான் வேண்டும். நம் மாநிலப் பட்டாம்பூச்சி என்று 2019இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் புழுவுக்கு நீரடிமுத்து இனத்து மரம் வேண்டும். மாநிலச் சின்னமாக்கிவிட்டோம் என்பதற்காக அது செவ்வந்தி இலையைத் தின்னாது.

நம் வீட்டைச் சுற்றிக் கேட்பாரற்று முளைப்பவற்றைப் பாருங்கள். ஆவாரையும் சரக்கொன்றையும் வெளிர்மஞ்சள், வெள்ளைப் பட்டாம்பூச்சிகளுக்கு. ஆமணக்கு, செங்கல் நிறத்தில் கோடு கோடாக இருக்கும் பட்டாம்பூச்சிக்கு. பொடுதலை, சிறகில் மயில்கண் உள்ளதற்கு. தொட்டியோரம் படரும் புளியாரை, விரல் நகம் அளவேயான நீலப் பட்டாம்பூச்சிக்கு. அரளி இலையில் வளரும் புழு, வெள்ளிக் கண்ணாடி போல முகம் தெரிகிற கூட்டைக் கட்டும். அரளி வைத்திருக்கும் எத்தனை பேர் இலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறோம்? இவற்றில் பாதியை 'களை' என்று ஆள் வைத்துப் பிடுங்குகிறோம். எருக்கு முளைத்த மனை பாழ் என்ற பேச்சு வேறு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கெடுதல்தான்; சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மதிற்சுவரோரம் தள்ளி வையுங்கள். ஈசுவரமூலியையும் மருந்தென்று யாரும் அரைத்துக் குடிக்க வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்த எச்சரிக்கைகளோடு இரண்டுக்கும் இடம் உண்டு.

"நான் ரசாயனம் எதுவும் அடிப்பதில்லையே அண்ணா, இயற்கை மருந்துதானே" என்று சொல்லும் மாடித்தோட்டக்காரர்களிடம்தான் எனக்குச் சண்டை அதிகம். வேம்பிலுள்ள அசாடிராக்டின் புழுவைத் தின்னவிடாமல் செய்கிறது, தோலுரிப்பதையும் குலைக்கிறது. பாதி உரிந்த தோலோடு அது சாகும். இயற்கை என்று விற்கப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் தூளில் சில வகைகள் புழுவின் குடலைத்தான் தாக்குகின்றன. காய்ப்புழு எது, கறிவேப்பிலை அழகி எது என்று அந்தத் தூளுக்குத் தெரியாது. சாகிற புழுவுக்கு இயற்கை மருந்தும் செயற்கை மருந்தும் ஒன்றுதான். கத்தரியில் காய்ப்புழு வந்தால் கத்தரிக்கு மட்டும் அடியுங்கள். மாடி முழுக்க, வாராவாரம், 'முன்னெச்சரிக்கையாக' அடிப்பதை நிறுத்துங்கள்.

அரிப்பைப் பற்றிய பயமும் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணம் முருங்கை மரத்தில் கொத்துக் கொத்தாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சி. பட்டால் தடித்துப்போகும், உண்மை. ஆனால் அது வளர்ந்து அந்துப்பூச்சியாகும். தோட்டத்தில் நாம் பார்க்கும் பட்டாம்பூச்சிப் புழுக்கள் பெரும்பாலும் வழுவழுப்பானவை. ஆமணக்கிலும் கொடிகளிலும் இருப்பவற்றுக்கு முள் போன்ற நீட்சி இருக்கும், ஆனால் அது தோலைத் தடிக்க வைப்பதில்லை. ஒன்று செய்த குற்றத்துக்கு நகரத்துப் புழு இனம் முழுவதும் தண்டனை அனுபவிக்கிறது.

எல்லாப் பட்டாம்பூச்சியும் நல்லது என்று நான் வாதாடவில்லை. மாதுளையையும் கொய்யாவையும் துளைத்து உள்ளே புகும் புழுவும் ஒரு பட்டாம்பூச்சியின் புழுதான். மாதுளை விவசாயிக்கு அது உண்மையான நட்டம். எலுமிச்சை நாற்றுப் போட்டவருக்கு இளங்கன்றை மொட்டையாக்கும் புழுவும் அப்படியே. பிழைப்புக்குப் பயிரிடுகிறவரிடம் போய்ப் புழுவை வளர்க்கச் சொல்லும் உரிமை எனக்கில்லை. நான் பேசுவது சமையலுக்கு ஒரு கொத்து போதும் என்கிற வீட்டுச் செடியைப் பற்றி. கன்று சின்னதாக இருந்தால் புழுவைக் கிளையோடு எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றலாம். வேர்பிடித்த கறிவேப்பிலை இலை போனாலும் மறுபடி தழைக்கும். அதை நாமே கிள்ளிக் கிள்ளித்தானே புதராக்குகிறோம். முட்டை அத்தனையும் பட்டாம்பூச்சியாகிவிடும் என்ற கவலையும் வேண்டாம். முட்டைக்குள்ளேயே முட்டையிடும் நுண்குளவிகள் இருக்கின்றன. எறும்பு, சிலந்தி, குளவி எல்லாம் பங்குக்கு வரும். தையல்சிட்டு குஞ்சுக்கு ஊட்ட இந்தப் புழுக்களைத்தான் தேடுகிறது. நாம் மருந்தடித்தால் தையல்சிட்டின் உணவையும் சேர்த்தே அழிக்கிறோம்.

பட்டாம்பூச்சியை அடையாளம் காண விரும்புகிறவர்களுக்கும் செடியே முதல் வழிகாட்டி. சிறகின் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒருவகை ஆணைப் போலவே இருக்கும். இன்னும் இரண்டு வகைகள், ஈசுவரமூலி தின்று வளர்ந்து உடம்பெல்லாம் நஞ்சேறிய சிவப்புடல் பட்டாம்பூச்சிகளைப் பார்த்து வேடம் போட்டவை. பறவைகள் நஞ்சென்று விலகிவிடும். வேடதாரியின் உடல் கறுப்பு, அசலின் உடல் சிவப்பு. அதைவிட எளிய வழி, எந்தச் செடியில் முட்டையிடுகிறது என்று பார்ப்பது. வெந்தய வரியனுக்கும் ஒரு வேடதாரி உண்டு. பின்னிறகின் நடுவில் மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் அசல் வெந்தய வரியன். அந்தப் புள்ளிகள் இல்லாமல், தரையோரம் பருப்புக்கீரையைச் சுற்றி வந்தால் வேடதாரியின் பெண். அதன் ஆணோ கறுப்புச் சிறகில் பெரிய வெள்ளைப் பொட்டுகளோடு வேறு இனம் போலவே இருக்கும். எருக்கும் பருப்புக்கீரையும் பக்கத்துப் பக்கத்தில் விட்டுவைத்த வீட்டில் இந்தப் பாடத்தை நின்ற இடத்திலேயே படிக்கலாம்.

பூவுக்காகவே வெளிநாட்டுச் செடியை வைப்பதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று முதுமலைக் காட்டுக்குள் புல்லையும் சிறு செடிகளையும் அமுக்கிப் படர்ந்து கிடக்கிறது. அதன் பூவில் பட்டாம்பூச்சி மொய்ப்பது உண்மை; அது அமுக்கிவிட்ட செடிகளில்தான் அவற்றின் புழுக்கள் வளர வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்தது இன்னும் கொடுமை. தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுபோன ஈசுவரமூலி இனக் கொடி ஒன்றின் வாசனையில் மயங்கி, அங்குள்ள ரிச்மண்ட் பொன்னழகி அதில் முட்டையிட்டது. இலையைத் தின்ற புழுக்கள் நஞ்சேறிச் செத்தன. அங்கே ஊர்மக்கள் அந்தக் கொடியைப் பிடுங்கிவிட்டு மண்ணின் கொடியை வீட்டுவேலிகளில் நடவேண்டி வந்தது.

ஸ்ரீரங்கத்துக்கு அருகே மேலூரில் வனத்துறை 2015இல் திறந்த பட்டாம்பூச்சிப் பூங்காவில் தேன்செடியோடு புழுவுக்கான செடியையும் சேர்த்தே வளர்க்கிறார்கள். மாநகராட்சிப் பூங்காக்களிலும் அடுக்குமாடி வளாகங்களிலும் இதைச் செய்யத் தடை எதுவும் இல்லை. ஒரு மூலையைக் களையெடுக்காமல், கத்தரிக்காமல், மருந்தடிக்காமல் விட்டால் போதும். அங்கே 'இலை கடிபட்டிருக்கும்' என்று தோட்டக்காரருக்கும் குடியிருப்போருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நர்சரிக்காரர்கள் ஈசுவரமூலியையும் ஆவாரையையும் வைப்பதில்லை என்றால் கேட்க ஆளில்லை என்பதுதான் காரணம். அடுத்த முறை போகும்போது கேளுங்கள். கேட்கும்போதே, வேர் வழியாக இலைக்கு ஏறுகிற மருந்து ஊற்றிய கன்றா என்றும் விசாரியுங்கள். இமிடாகுளோபிரிட் போன்ற அந்த மருந்து ஏறிய இலை பார்வைக்கு நல்ல பச்சையாகத்தான் இருக்கும். அதில் முட்டை வைக்க வரும் பட்டாம்பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாது.