அரசு இணையதளங்களைக் குறிவைக்கும் பந்தய 'பேக்லிங்க்'குகள்

புதுடெல்லி: பிஹார், கேரளா, தெலங்கானா உள்ளிட்ட மாநிலங்களின் அரசு இணைய முகவரிகள் சில, பயனர்களை இணையவழிப் பந்தயத் தளங்களுக்குத் திருப்பிவிட்டது 2024 மே மாதம் தெரியவந்தது. அரசு முகவரி மீதான நம்பகத்தன்மையைக் கொண்டு தேடல் பட்டியலில் முன்னேறும் உத்தி இது.

ஒரு தளத்துக்குப் பிற தளங்கள் அளிக்கும் இணைப்பே 'பேக்லிங்க்'. லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் 1998-இல் முன்வைத்த 'பேஜ்ரேங்க்' முறை, இணைப்புகளின் எண்ணிக்கையுடன் அவற்றை அளிக்கும் பக்கத்தின் மதிப்பையும் கணக்கிட்டது. அந்த மதிப்பே பின்னர் விலைபொருளானது.

ஆனால், அரசு முகவரி என்பதற்காகவே கூடுதல் மதிப்பு அளிப்பதில்லை என்று கூகுள் தரப்பில் பலமுறை கூறப்பட்டுள்ளது. பொருத்தமே முக்கியம். ஓய்வூதியப் பக்கத்தில் பந்தயத் தளத்துக்கு என்ன வேலை? 2012-இல் அறிமுகமான 'பென்குயின்' நடைமுறை முதலில் இத்தகைய தளங்களைத் தரவரிசையில் தாழ்த்தியது. 2016 முதல் போலி இணைப்புகளைப் பெரும்பாலும் மதிப்பற்றவையாக ஒதுக்குகிறது. எனவே, அவற்றை விலை கொடுத்து வாங்குபவருக்குப் பலன் நிச்சயமில்லை.

பாதிப்பு துறைக்கும் மக்களுக்கும்தான். தளத்தில் ஊடுருவல் கண்டறியப்பட்டால் கூகுளின் இலவச 'சர்ச் கன்சோல்' கருவி எச்சரிக்கும். பராமரிப்பை ஒப்பந்ததாரரிடம் விட்டுவிட்ட அலுவலகத்தில் அந்த எச்சரிக்கையைத் திறந்து பார்ப்பது யார் என்பதே கேள்வி.