கொடுபட வேண்டிய கூலி

முதலிலேயே ஒரு டிஸ்கி: இது எந்தத் தனிப்பட்ட சபையையும் குறி வைத்து எழுதியதல்ல. படித்து முடித்ததும் யாருக்காவது நெஞ்சு குறுகுறுத்தால் அதற்குக் கம்பெனி பொறுப்பல்ல :-)

சர்ச் பக்கமே போகாத நண்பர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய சபைகளில், அதிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் தனிச் சபைகளிலும், யூத் பாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். தமிழில் வாலிபர் ஊழியர். பெரும்பாலும் முப்பதை ஒட்டிய வயது. கையில் ஒரு கிடார், தோளில் லேப்டாப் பை, ஓட்டுவது ஒரு பழைய பைக். பையன்களும் பெண்களும் அவரை "அண்ணா" என்பார்கள். கமிட்டிப் பெரியவர்கள் "தம்பி" என்பார்கள். "ஐயா" என்று கூப்பிடத்தான் ஆளே கிடையாது. மொத்தப் பிரச்சினையும் இந்த மூன்று வார்த்தைக்குள் அடக்கம்.

"வாலிபர்கள்தான் நாளைய சபை" என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். நல்லது. அந்த நாளைய சபையைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் மனிதரை இன்றைய சபை எப்படி நடத்துகிறது? அவருடைய ஒரே ஒரு வாரத்தை எடுத்துப் பார்த்தால் போதும்.

ஞாயிறு: காலை ஆறு மணிக்குள் சர்ச்சில் இருக்க வேண்டும். மைக், ஸ்பீக்கர், புரொஜெக்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்ப்பது அவர்தான். பிறகு சண்டே ஸ்கூல். பிறகு ஆராதனையில் பாட்டு நடத்துவது. பாட்டு வரிகள் திரையில் ஒரு வரி பிந்தி வந்தால் எல்லாத் தலையும் அவர் பக்கம்தான் திரும்பும். மதியம் பெரிய பாஸ்டருடன் வீடு சந்திப்பு (கார் ஓட்டுவது யார் என்று நினைக்கிறீர்கள்?).

திங்கள்: ஓய்வு நாள். அதாவது, ஓய்வு நாள் என்று பேச்சு. அன்றைக்குத்தான் ஏதாவது துக்க வீடு வரும். "தம்பி, பாட்டுக்கு நாலு பசங்களைக் கூட்டிட்டு வந்துடுங்க."

செவ்வாய்: ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் பார்த்து ஜெபிப்பது. புதன்: வேதபாடம். வியாழன்: கல்லூரி மாணவர்களைச் சந்திப்பது (இது ஒன்றுதான் உண்மையில் அவர் வேலை, இதுதான் அடிக்கடி கேன்சல் ஆகும்). வெள்ளி: உபவாச ஜெபம். சனி: வாலிபர் கூட்டம். அதற்குப் பாட்டு, விளையாட்டு, செய்தி, டீ, சமோசா எல்லாம் அவர் பொறுப்பு. சமோசாவுக்குச் சில வாரம் அவர் சொந்தப் பாக்கெட்டும் பொறுப்பு.

இது சாதாரண வாரம். மே மாதம் வந்தால் வி.பி.எஸ். டிசம்பரில் விடிய விடிய கேரல் ரவுண்ட்ஸ். 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்து எல்லோரும் கேக் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகு நாற்காலி அடுக்குவது யார்? நம்ம ஆள்தான். புனித வெள்ளியன்று ஏழு வார்த்தைகளில் ஒரு வார்த்தை பேசக் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதுவும் பத்து நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும்.

இதில் கல்யாணமானவர் என்றால் சபைக்கு இன்னும் லாபம். ஆடித் தள்ளுபடி மாதிரி ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம். மனைவி சண்டே ஸ்கூல் எடுப்பார், பெண் பிள்ளைகளுக்குக் கூட்டம் நடத்துவார், வி.பி.எஸ். பிள்ளைகளுக்கு ஜூஸ் கலக்குவார். அவர் பெயர் எந்த நோட்டிலும் ஏறாது.

சரி, சம்பளம்? சி.எஸ்.ஐ. போன்ற திருச்சபைகளில் அபிஷேகம் பெற்ற குருவானவருக்கு ஒரு சம்பள முறை, இடமாற்ற முறை என்று ஏதோ ஒன்று உண்டு. வாலிபர் ஊழியருக்கோ பல இடங்களில் ஒரு துண்டுக் கடிதம்கூடக் கிடையாது. கொடுப்பதற்குப் பெயர் சம்பளமே இல்லை, "காணிக்கை". கேட்டு வாங்குவது சம்பளம், கொடுத்தால் வாங்கிக்கொள்வது காணிக்கை. வித்தியாசம் புரிகிறதல்லவா?

இதைப் பேசினாலே சில பதில்கள் ரெடியாக வரும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. "ஊழியம் தொழில் இல்லை தம்பி, அது அழைப்பு."

அழைப்பு என்றால் பசிக்காதா? பெரிய பாஸ்டருக்கு வந்ததும் அழைப்புதானே, அவருக்கு மட்டும் வீட்டு வாடகை எப்படிப் போகிறது? சபை என்ற நிறுவனம் மின்வாரியத்திடம் "எங்களுடையது அழைப்பு" என்று சொல்லிப் பார்க்கட்டும். ரெண்டே மாதத்தில் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

2. "பவுலே கூடாரம் தைத்துத்தானே ஊழியம் செய்தார்?"

செய்தார். அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தைத் திறப்பதே இல்லை. சுவிசேஷம் சொல்கிறவனுக்கு அதனால் பிழைக்க உரிமை உண்டு என்று அங்கே பவுல் வக்கீல் மாதிரி வாதாடுகிறார். போர்வீரன், திராட்சைத் தோட்டக்காரன், மந்தை மேய்க்கிறவன், போரடிக்கிற மாடு என்று உதாரணத்துக்கு மேல் உதாரணம். எல்லாம் நிரூபித்துவிட்டுக் கடைசியில், எனக்கு இது வேண்டாம் என்று அவரே விட்டுக்கொடுக்கிறார்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வாராக்கடனைப் போக்கெழுதுவது யார்? கடன் கொடுத்தவர். கடன் வாங்கியவரே "இதை நான் போக்கெழுதிவிட்டேன்" என்று தன் நோட்டில் கோடு போட்டால் அதற்குப் பெயர் வேறு. பவுல் தன் உரிமையை விட்டது தியாகம். யூத் பாஸ்டரின் உரிமையைக் கமிட்டி விட்டுக்கொடுப்பது தியாகம் இல்லை.

3. "சபையில் பணம் எங்கே இருக்கு?"

உண்மையிலேயே இல்லாத சபைகள் உண்டு. ஓலைக் கொட்டகையில் இருபது பேர் கூடுகிற சபையைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. ஏ.சி. போட்டு, எல்.இ.டி. திரை மாட்டி, புது சவுண்ட் மிக்ஸர் இறக்கிய சபைகளைப் பற்றித்தான் பேச்சு. மிக்ஸருக்குக் கொட்டேஷன் மூன்று வாங்குகிறார்கள், வாரண்டி கேட்கிறார்கள், வருஷப் பராமரிப்புக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள். அந்த மிக்ஸருக்குப் பின்னால் நிற்கிற மனுஷனுக்கு ஒப்பந்தமும் இல்லை, பராமரிப்பும் இல்லை.

4. "சின்னப் பையன்தானே, என்ன செலவு?"

இதற்குப் பதில் தேவையில்லை. இதைச் சொல்கிற பெரியவர் தன் மகனுக்கு வேலை தேடும்போது இப்படிச் சொல்வாரா என்று கேட்டால் போதும்.

இங்கே கொஞ்சம் வரலாறு. 1780இல் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் சண்டே ஸ்கூல் தொடங்கினார். ஏன் ஞாயிறு? வாரம் முழுக்கப் பட்டறையில் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. பாடம் சொல்லிக்கொடுத்த பெண்களுக்கு அவர் நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தார். "இது அழைப்பு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சொல்லவில்லை! 1844இல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. தன்னைப் போலக் காலையிலிருந்து ராத்திரிவரை கடையில் நின்று களைத்த இளைஞர்களுக்காகத்தான் அதை ஆரம்பித்தார். ஆக, சபைகளின் வாலிபர் ஊழியத்துக்கு முன்னோடிகளான இந்த இரண்டும் பிறந்ததே ஓய்வில்லாமல் உழைத்தவர்களின் மேல் வந்த இரக்கத்தில். இன்று அந்த ஊழியத்தைச் செய்கிறவருக்கே ஓய்வு நாள் இல்லை. இதைவிடக் காமெடி வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு, இது நம்ம ஊர்க் கதை. தூத்துக்குடிப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். அதற்கு முன்னால் அவர் என்ன வேலை பார்த்தார்? 1895இலிருந்து பல வருஷம் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர், அதாவது வாலிபர்களோடு வேலை. 1910இல் எடின்பரோ மாநாட்டில் உலகத்து மிஷனரிகளுக்கு முன்னால் எழுந்து நின்று, நீங்கள் எவ்வளவோ கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்ற பொருளில் பேசினார். கேட்டவர்களில் பலருக்குச் சுருக்கென்றது. வாலிபர்களோடு பழகிய ஒருவருக்குத்தான் அந்த வார்த்தை அந்த இடத்தில் வந்திருக்கும்.

யூத் பாஸ்டரின் உண்மையான வேலையும் அந்த நட்புதான். ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின நாள் இரவு பதினொன்றரைக்கு ஒரு பையனிடமிருந்து மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணா தூங்கிட்டீங்களா?" அவ்வளவுதான் மெசேஜ். அதற்குள் என்ன இருக்கிறது என்று அண்ணனுக்குத் தெரியும். போன் போடுகிறார். ஒரு மணிவரை பேசுகிறார். பையன் அழுது முடித்துத் தூங்கப் போகிறான். மறுநாள் அவன் அப்பாவிடம் போய்ப் பேசுகிறார். இது எந்த ரிப்போர்ட்டிலும் வராது, வரவும் கூடாது. அந்த வாரக் கமிட்டியில் அவரிடம் கேட்கப்படும் கேள்வி: "தம்பி, போன மாசம் யூத் மீட்டிங்குக்கு அறுபது பேர் வந்தாங்க, இந்த மாசம் ஏன் நாற்பது?"

அந்த மெசேஜுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. மற்றதெல்லாம் எடுபிடி. எடுபிடி வேலைக்கே முழு வாரமும் போய்விட்டால், ஒரு நாள் இரவு அவர் நிஜமாகவே களைத்துத் தூங்கிப் போயிருப்பார். அன்றைக்கும் அந்த மெசேஜ் வரலாம்.

இன்னொரு பக்கமும் பேச வேண்டும். யூத் பாஸ்டர்கள் எல்லோரும் தியாகச் செம்மல்கள் இல்லை. பிள்ளைகளைவிட ரீல்ஸுக்கு அதிக நேரம் கொடுப்பவர்கள் உண்டு. மனநலப் பிரச்சினையைப் பிசாசு என்று சொல்லி ஜெபத்தோடு அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு (14416 என்ற டெலி மானஸ் எண் 2022இலிருந்து இருக்கிறது, ஜெபித்துவிட்டு அந்த எண்ணையும் கொடுத்தால் பரலோகம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது). அதைவிட முக்கியம், இது பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு தனியாகப் பேசுகிற வேலை. போக்சோ சட்டம் 2012இலேயே வந்துவிட்டது. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம் என்கிறது அந்தச் சட்டம். "சபைப் பெயர் கெட்டுடும், உள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்பதற்கு அங்கே இடமே இல்லை. இதை எத்தனை சபைகள் தங்கள் வாலிபர் ஊழியரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன?

இங்கேதான் சம்பளமும் ஒழுங்கும் ஒன்றாக வருகின்றன. கடிதம் கொடுக்காத சபை, பயிற்சியும் கொடுப்பதில்லை. வேலை என்ன என்று எழுதாத இடத்தில் எல்லை எது என்றும் எழுதியிருக்காது. நல்லவர் வந்தால் அவர் உடைந்து போகிறார். கெட்டவர் வந்தால் பிள்ளைகள் உடைந்து போகிறார்கள். இரண்டுக்கும் காரணம் அதே அலட்சியம்தான்.

தீர்வு ஒன்றும் ராக்கெட் விடுகிற விஷயமில்லை மக்களே:

1. என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை நாள் விடுப்பு என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மனைவிக்கும் வேலை கொடுத்தால் அவருக்கும் தனியாகச் சம்பளம்.

2. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. துக்க வீடு வந்தால் பாட்டுக்கு வேறு ஆள் பாருங்கள். பத்துக் கட்டளையில் ஓய்வு நாளும் ஒன்று என்பதை நினைவூட்ட வேண்டியிருப்பதே வெட்கம்.

3. பிள்ளைகளைச் சந்திக்கும் இடத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், மற்றவர்கள் கண்ணில் படுகிற இடம், போக்சோ பற்றிய பயிற்சி. இது அவரைச் சந்தேகப்படுவது ஆகாது. அவருக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் பாதுகாப்பு.

4. மைக், நாற்காலி, கார் ஓட்டுவது எல்லாம் கமிட்டிப் பெரியவர்களும் செய்யலாம். இடுப்பு வலி என்றால் ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளஸ் ஒன் கணக்குப் பதிவியலில் ஒரு பாடம் வரும். வேலை வாங்கியாயிற்று, காசு இன்னும் கொடுக்கவில்லை என்றால் அது கொடுபட வேண்டிய கூலி. அதை இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கத்தில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அந்த வருஷம் லாபம் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான். கடன் காணாமல் போய்விடாது.

வருஷக் கடைசியில் சபை அறிக்கை வாசிக்கும்போது "இந்த வருடம் வாலிபர் ஊழியம் சிறப்பாக நடந்தது" என்று ஒரு வரி வரும். எல்லோரும் கை தட்டுவார்கள். அறுப்பு அறுத்த கூலியாளுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியைப் பற்றி யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரம் எவ்வளவு கோபமாகப் பேசுகிறது என்று அந்தக் கைதட்டலுக்கு முன்னால் யாராவது எழுந்து வாசித்தால் நன்றாயிருக்கும். மைக்கை ஆன் செய்து கொடுக்க நம்ம தம்பி அங்கேதான் நின்றுகொண்டிருப்பார்.